மொட்டுதிர்க்கும் செவ்வரத்தை

பூத்துக் குலுங்கும் கன்றொன்றை வாங்கி வருவோர் பலர் முதல் வாரத்திலேயே மனமுடைந்து போகின்றனர். மொட்டுகள் உதிர்கின்றன; அடியிலைகள் மஞ்சளாகின்றன. தமது கை ராசியில்லாதது என்று நொந்துகொள்வோரும் உண்டு.

கொழும்பில் எமது தொடர்மாடி வீட்டுக்கு அண்மையில் வந்த செவ்வரத்தையும் இதனையே செய்தது. (தமிழக நண்பர்கள் செம்பருத்தி என்று வாசித்துக்கொள்க.) வந்தபோது 11 மொட்டுகள், ஐந்தாம் நாள் எஞ்சியவை இரண்டு. அம்மாவுக்கு வயது 81. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது, படலையோரச் செவ்வரத்தையில் அன்றைய பூவைக்கூடப் பறிக்காமல் வந்தவர். சாமிப் படத்துக்குக் கடைப்பூ வைப்பதில் அவருக்கு இன்றுவரை திருப்தியில்லை. உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அதுக்கு இந்த இடம் பிடிக்கயில்லைப் போல, தம்பி" என்றார்.

விற்பனை நிலையத்தில் முழு வெயிலில் வளர்ந்த செடி அது. வாகனத்தில் குலுங்கி வந்து பல்கனியில் அமர்ந்ததும் ஒளி, காற்று, ஈரம் யாவும் மாறிவிடுகின்றன. எல்லாவற்றையும் தாங்க இயலாத நிலையில் செடி முதலில் கைவிடுவது மொட்டுகளைத்தான். ஆகவே நாளொரு மூலைக்கு இடம் மாற்றாமல், ஐந்தாறு மணிநேரமாவது வெயில் விழும் ஓரிடத்தில் நிலைக்க விடவேண்டும். உடனே பெரிய சாடிக்கு மாற்றுவதும், பசளை இடுவதும் வேண்டாம். புதுத் துளிர் கண்ட பின்னர் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர்தான் பெருஞ்சிக்கல். சாடிக்குள் இருப்பது பெரும்பாலும் தும்புச்சோறு. மேலே காய்ந்து தோன்றும்; உள்ளே நனைந்திருக்கும். நீர் மிகுந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. இலைகள் வாடித் தொங்கும். தாகத்தால் வாடிய செடியும் அவ்வாறே தோன்றுவதால், கண்டவர் மேலும் ஒரு செம்பு ஊற்றுகிறார். கதை முடிந்தது. கோடையில் கிணற்று நீர் அள்ளி ஊற்றியே வளவைக் காத்த யாழ்ப்பாணத்துத் தாயிடம், தண்ணீர் விடவேண்டாம் என்று சொல்வது இலகுவன்று. எனவே பரிசோதனைப் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். காலையில் விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பார்ப்பார். ஈரமில்லையெனில், அடித்துளையால் வழியும்வரை ஊற்றுவார்.

வழிந்த நீர் தட்டில் தேங்கலாகாது. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அந்நோயைப் பரப்பும் நுளம்புக்குப் பூச்சாடித் தட்டே போதும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடிருக்கும், தேய்த்துக் கழுவவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்ற அச்சத்தால் அல்ல, அயல்வீட்டுக் குழந்தைகளுக்காக.

நான்காம் வாரத்தில் துளிர் வந்தது. பின்னர் பூவும் வந்தது. ஒரு நாள்தான் அதன் ஆயுள்; பத்திரிகைக்காரனுக்கு அது புதிதல்ல. அம்மா குளித்துவிட்டு வந்து பறித்தார்.

புதுக்கிளையில்தான் செவ்வரத்தை பூக்கும் என்பதால், நீண்ட கிளைகளைச் சற்றே வெட்டிவிட்டோம். வெட்டியவற்றில் பென்சில் பருமனான இரண்டைத் தும்புச்சோற்றில் ஊன்றி நிழலில் வைத்திருக்கிறார் அம்மா. வேர் பிடித்தால் ஒன்று வடக்கே போகவேண்டுமாம். விடுவிக்கப்பட்ட எங்கள் வளவில் இப்போது கிணறு மட்டுமே இருக்கிறது.