கார்போகரிசியும் ரெண்டு மணி நேர வெயிலும்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு பொய் சொல்லலாம். உண்மை என்னன்னா மூஞ்சியை வெளியில காட்ட முடியாத நிலைமை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். ஆம்பளைப் பையன் க்ரீம் பூசுன கதையான்னு சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. பின்னாடி அதுக்கு இடம் கம்மி :)

நமக்கு ஜாகை திருவொற்றியூர் காலடிப்பேட்டை. காலேஜ் நாலு வருஷமும் ரெண்டு கன்னத்துலயும் பரு. பரு போயிடுச்சு, கறுப்புத் தழும்பு மட்டும் வாடகை குடுக்காம தங்கிடுச்சு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து மூஞ்சி கழுவினா தண்ணி எந்தக் கலர்ல போகும்னு. 2021-ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுல எனக்குத் தூசி குறைஞ்சுது. தழும்பு குறையலை.

பக்கத்து சீட்டு நண்பன்தான் ரெட்டினால் பூசச் சொன்னான். வைட்டமின் ஏ-வோட ஒரு வடிவம் அது. பழைய தோல் செல்லு சீக்கிரம் உதிர்ந்து புதுசு வர வைக்கும், தழும்பு மங்கும். வாரத்துக்கு ரெண்டு ராத்திரின்னு மெதுவா ஆரம்பிக்கணும். நாம யாரு? முதல் நாள்லேருந்தே தினமும் பூசினேன். பத்தே நாள்ல மூஞ்சி, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சுரண்டி வெச்ச சுவரு மாதிரி ஆயிடுச்சு. எரிச்சல் வேற.

இதுக்கு மாற்று உண்டான்னு தேடினப்பதான் பாகுசியால் கண்ணுல பட்டுது. செடியிலேருந்து எடுக்கிறது, ரெட்டினால் செய்யிற வேலையை மென்மையா செய்யும்னு போட்டிருந்தாங்க. சும்மா விளம்பரமா இருக்கும்னு நெனச்சேன். ஆனா 2019-ல பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்திருக்கு. 44 பேரு, 12 வாரம். ஒரு குரூப்புக்கு 0.5 சதவீத பாகுசியால் தினம் ரெண்டு வேளை, இன்னொண்ணுக்கு 0.5 சதவீத ரெட்டினால் ஒரு வேளை. சுருக்கமும் கறுப்பும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைஞ்சுது. தோல் உரியிறதும் சுருக்சுருக்குனு குத்துறதும் ரெட்டினால் பக்கம்தான் அதிகம். 44 பேர்ங்கிறது சின்னக் கணக்குதான், ஆனா வெறும் வாய்ஜாலம் இல்லை.

இன்னொரு ஆச்சரியம். இதை முதன்முதலா பிரிச்செடுத்து உலகத்துக்குச் சொன்னது நம்ம ஆளுங்க. 1966-ல புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துல சுக் தேவும் அவர் கூட இருந்தவங்களும். செடியோட சமஸ்கிருதப் பேரு பாகுசி, அதுலேருந்துதான் பாகுசியால். அந்தச் செடியோட விதைக்குத் தமிழ்ல என்ன பேருன்னு பார்த்தேன். கார்போகரிசி!

அட, நம்ம குளியல் பொடியில பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் கூடப் போடுவாங்களே, அதே கார்போகரிசி. இங்கதான் நம்ம இன்ஜினியர் மூளை வேலை செஞ்சுது. கடையில விக்கிற 30 மில்லி பாட்டில் விலைக்கு எங்க வீட்டுல ரெண்டு ஞாயித்துக்கெழமை வஞ்சிரம் வாங்கலாம். எதுக்கு? தேரடி பக்கம் நாட்டு மருந்துக் கடையில நூறு கிராம் வாங்கிட்டு வந்தேன். அம்மாவுக்குத் தெரியாம மிக்ஸியில பொடிச்சு, தேங்காயெண்ணெயில ஒரு வாரம் ஊற வெச்சு வடிகட்டினேன்.

சும்மா சொல்லக்கூடாது, டெஸ்டிங் எல்லாம் பண்ணேங்க. ராத்திரி முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தடவினேன். காலையில பார்த்தா ஒண்ணும் இல்லை. ரெண்டாவது ராத்திரியும் ஒண்ணும் இல்லை. டெஸ்ட் பாஸ்! ஞாயித்துக்கெழமை காலையில ரெண்டு கன்னத்துலயும் நல்லா பூசிட்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். கூட்டம், பேரம், வெயில். ரெண்டு மணி நேரம் ஆச்சு.

திங்கக்கெழமை லேசா செவப்பு. செவ்வாய்க்கெழமை காலையில ரெண்டு கன்னமும் வெந்து போச்சு. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். இடது பக்கம் கொப்புளம்.

பொட்டி தட்டுற சாதி நாம, எளிமையா சொல்றேன். என் டெஸ்ட் என்விரான்மென்ட்ல வெயில் இல்லை. புரொடக்‌ஷன்ல இருந்தது.

தோல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "பூசிட்டு வெயில்ல போனீங்களா?" அந்த விதைக்குள்ள பாகுசியால் மட்டும் இல்லையாம். சொராலன்னு ஒண்ணும் இருக்கு. அந்தப் பேரும் இதே செடியோட லத்தீன் பேரான சொராலியாவுலேருந்து வந்ததுதான். அது தோல்ல ஏறியிருக்கும்போது வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா செல்லுக்குள்ள டிஎன்ஏவுல போய் ஒட்டிக்கும். தோல் வெந்துரும். அதுவும் உடனே தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் காட்டும். குளியல் பொடியில கொஞ்சூண்டு போட்டு, பயத்தமாவோட கலந்து, தேய்ச்ச உடனே கழுவிடுறோம். எண்ணெயில ஊற வெச்சு மூஞ்சியிலயே விட்டுட்டு வெயில்ல நின்னா கதை வேற. பாட்டில்ல வர்ற நல்ல பாகுசியால்ல சொராலனைப் பிரிச்சு எடுத்திருப்பாங்க. ஒரே விதை, ஒண்ணு மருந்து, ஒண்ணு நெருப்பு. நான் ரெண்டையும் சேர்த்துப் பூசியிருக்கேன்.

இதோட முடிஞ்சிருந்தா மொக்கைப் பதிவுதான். செவ்வாய்க்கெழமை காலையில அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாங்க. "இன்னாடா பூசுன?"ன்னாங்க. நான் முழிச்சேன். கிட்ட வந்து மோந்து பார்த்தாங்க.

"கார்போகரிசியா?"

இங்க ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கம்மாவுக்கு ரெண்டு கையிலயும் வெண்புள்ளி உண்டு. பொறந்ததுலேருந்து பார்க்கிறதால எனக்கு அது தனியா கண்ணுல பட்டதே இல்லை. வலது முழங்கைக்குக் கீழ மட்டும் தோல் சுருங்கி ஒரு தழும்பு இருக்கும். கஞ்சி கொட்டினதுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. கஞ்சி இல்லை.

பதினாறு வயசுல ராயபுரத்துல இருந்தப்போ புள்ளி வந்திருக்கு. வெண்குஷ்டம்னு சொன்ன காலம். குஷ்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, தொத்தாதுன்னு சொல்ல அக்கம்பக்கத்துல ஆளில்லை. பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணுமேன்னு பாட்டி யாரோ சொன்னதைக் கேட்டு கார்போகரிசியை அரைச்சுப் பூசி மொட்டை மாடியில உக்கார வெச்சிருக்காங்க. பத்து மணியிலேருந்து பன்னண்டு மணி வரைக்கும். மூணாவது நாள் கொப்புளம். சீழ் பிடிச்சு ஒரு மாசம் படுக்கையில. அதுக்கப்புறம் எந்த மருந்துக்கும் எங்கேயும் போகலை. இத்தனை வருஷமா.

பாட்டி செஞ்சது முட்டாள்தனம்னு சொல்ல முடியலைங்க. சொராலனையும் புற ஊதா வெளிச்சத்தையும் சேர்த்து, அளந்து குடுக்கிற வைத்தியம் ஆஸ்பத்திரியில இருக்கு. நிறம் போன இடத்துல நிறம் வரவும் அது உதவும். பாட்டிகிட்ட மருந்து இருந்தது, வெயிலும் இருந்தது. அளவு மட்டும்தான் இல்லை. நான் இன்ஜினியரிங் படிச்சு, ஆய்வைத் தேடிப் படிச்சு, அதே தப்பை அதே விதையில செஞ்சிருக்கேன்.

என் மூஞ்சி இப்போ பரவாயில்லை. ரெண்டு கன்னத்துலயும் பழைய தழும்புக்கு மேல புதுசா ஒரு கறுப்பு. மங்க மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்லிட்டார். அதுவரைக்கும் சன்ஸ்கிரீன் மட்டும்தான். அப்புறம்தான் 0.5 சதவீத பாகுசியால் பாட்டில். வீட்டுல காய்ச்சினது இல்லை, கடையில வாங்கினது. நீங்களும் வாங்கினீங்கன்னா பாகுசி எண்ணெய்னு போட்டிருக்கா, பாகுசியால்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை. மாசமா இருக்கிறவங்க மூலிகைதானேன்னு நம்பிப் பூசாம டாக்டரைக் கேட்டுடுங்க.

போன வாரம் சாப்பிடும்போது அம்மாகிட்ட சொன்னேன், இப்போ வெண்புள்ளிக்கு சொராலன்கூட இல்லாம வெறும் வெளிச்சத்தாலயே வைத்தியம் இருக்குன்னு.

"வெயில்ல உக்கார வெப்பாங்களா?"

"இல்லம்மா. பெட்டி மாதிரி ஒண்ணுல நிக்க வெச்சு லைட்டு போடுவாங்க. செகண்டு கணக்குல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க."

"செகண்டு கணக்கா?"

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துட்டிருந்தாங்க. "எனக்கு யாரும் கணக்கு சொல்லலையேடா"ன்னாங்க.

வர்ற சனிக்கெழமை எனக்கு டாக்டர்கிட்ட ரிவ்யூ இருக்கு. "நானும் வரேன்"னு சொல்லியிருக்காங்க.