குச்சியால் வாங்கிய காசு

ஃபுகுவோகாவில் இறங்கின முதல் நாளே எனக்கு ஒரு அடி விழுந்தது. சின்னக் கடை ஒன்றில் சோற்றுருண்டை ரெண்டு எடுத்துக்கொண்டு காசை நீட்டினேன். கடைக்காரம்மா என் கையை வாங்கவில்லை. கல்லாப்பெட்டி பக்கத்திலிருந்த சின்னத் தட்டைக் காட்டினார். காசை அதில் வைக்க வேண்டுமாம். மீதிச் சில்லறையும் அதே தட்டில்தான் வந்தது.

காசைத் தரையில் வை என்று சொன்ன கடைவாசல்களில் நின்றவர் எங்க தாத்தா. அதனால் என் கை கூசிப்போனது. கூட வந்த பெண், எனக்காக மொழிபெயர்க்க வந்த மாணவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இது எல்லாருக்கும் இப்படித்தான், இங்கே வழக்கமே இது என்றாள். எனக்குப் பின்னால் கோட்டு சூட்டோடு நின்றவரும் தட்டில்தான் வைத்தார். அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் முதல் நொடியில் கூசினது கூசினதுதான். நம்ம உடம்புக்கு நாட்டு எல்லை தெரிவதில்லை.

நான் போனது புராக்கு மக்களோடு உட்கார்ந்து பேச. தோல் உரித்தவர்கள், பிணம் அகற்றியவர்கள் என்று பிறப்பை வைத்து ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1871ல் அரசாணை போட்டுச் சமம் என்று சொன்னார்கள். ஆணை தாளில் இருந்தது. 1922ல் அவர்களே சூய்ஹெய்ஷா என்று இயக்கம் கட்டினார்கள். அந்தப் பேச்சுக்களைத் தனியாக எழுதவேண்டும். இங்கே சொல்ல வந்தது அதற்குப் பிறகு மிச்சம் இருந்த ரெண்டு நாளைப் பற்றி.

கோவில் பார்க்கிறீர்களா, வெந்நீர் ஊற்றுக்குப் போகிறீர்களா என்றார்கள். மினமாட்டா என்றேன். எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். எப்படித் தெரியாமல் போகும்? பள்ளிக்கூடத்தில் 'பொருத்துக'வில் வருமே. இத்தாய்-இத்தாய் நோய் என்றால் காட்மியம், மினமாட்டா நோய் என்றால் பாதரசம். கோடு இழுத்து இழுத்து மார்க் வாங்கினோம். அது ஒரு ஊர், அங்கே மனுசங்க இருக்காங்கன்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

அது 2025 ஏப்ரல். வேக ரயிலில் தெற்கே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அப்புறம் ஒற்றைப் பெட்டி ரயில். மினமாட்டா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல் இல்லை, கடைத்தெரு இல்லை, நேரே சிஸ்ஸோ கம்பெனியின் வாசல். இப்போது வேறு பெயரில் நடக்கிறது. 1908லிருந்து அங்கே இருக்கிறது. ஊருக்கு நடுவில் அது, சுற்றி மேலாளர்கள், பிறகு தொழிலாளர்கள், கடைக்காரர்கள். கடைசியில், விளிம்பில், மீனவக் குப்பங்கள். அங்கேயும் அமாகுசா தீவிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு 'அமாகுசாவிலிருந்து அடித்துக்கொண்டு வந்ததுகள்' என்று பட்டப்பெயராம். வந்தேறி என்று நம்ம ஊரில் சொல்வதைப்போல. வரைபடத்தில் கையை வைத்து அந்தப் பெண் விளக்க விளக்க, ஊர் எது, சேரி எது என்று எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

குப்பங்களுக்கு எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு பெரியவர். மீனவக் குடும்பம். ட்சுகினோவுரா, யூடோ, மோடோ என்று ஒவ்வொன்றும் சின்னக் குடா, பத்திருபது வீடு, ஏழெட்டுப் படகு. கடல் அசையவே இல்லை, குளம் மாதிரி கிடந்தது. ஒரு கொட்டகையில் பொடி நெத்திலியை அவித்துக் காயவைத்திருந்தார்கள். அந்த வாசனைக்கு நான் நின்றுவிட்டேன். எங்க ஊர் வாசனை.

1956 ஏப்ரலில் ட்சுகினோவுராவிலிருந்து அஞ்சு வயசுப் பெண் குழந்தையைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. ரெண்டு மூணு நாளில் தங்கச்சிக்கும் அதே. மே 1ஆம் தேதி ஆஸ்பத்திரித் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே, காரணம் தெரியாத நோய் என்று சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். அதற்கு முன்னமே குப்பத்துப் பூனைகள் வெறிபிடித்துச் சுழன்று கடலில் விழுந்து செத்திருந்தன. தொற்றுநோய் என்று நினைத்து வீடுகளில் மருந்தடித்தார்கள், நோயாளிகளைத் தனி ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். அசிட்டால்டிஹைடு தயாரிக்க வினையூக்கியாகப் போட்ட பாதரசம் கழிவோடு ஹ்யாக்கென் வாய்க்கால் வழியாகக் குடாவில் இறங்கி, மீனில் ஏறி, மூணு வேளையும் மீன் தின்றவர்களின் மூளைக்குப் போயிருந்தது. 1959ல் ஹோசோகாவா கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400ஆம் எண் பூனை. அதுவும் சுழன்றது. கம்பெனி அந்த முடிவை மூடி வைத்தது. கழிவு 1968 வரை போய்க்கொண்டே இருந்தது.

நோயாளி வீட்டுக்காரர்கள் கடைக்குப் போனால் காசைக் கையில் வாங்க மாட்டார்களாம். சாப்பிடுகிற குச்சியால் இடுக்கி வாங்குவார்களாம். இல்லாவிட்டால் கூடையை நீட்டுவார்களாம்.

நான் அந்தப் பெண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும். மூணாவது முறை பெரியவரே விரல் ரெண்டையும் குச்சியாக்கிக் காட்டினார்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்க சேரி கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே. படகு இல்லை, வலை இல்லை. அம்மாவுக்கு நடவு, களை. அப்பாவுக்கு வாய்க்கால் நண்டு. வயலெல்லாம் உப்பு ஏறிப்போய் மூணு போகத்துக்கு வேலை இல்லை. நட்டக் கணக்கு எழுத வந்தவர்கள் படகை எண்ணினார்கள், வலையை எண்ணினார்கள். கூலியை எண்ணத் தெரியவில்லை. நிவாரண முகாமில் கடற்கரை ஊர்க்காரர்களும் நாங்களும் இருந்தோம். குடத்தோடு தண்ணித் தொட்டிக்குப் போனேன். "ஏ புள்ள, குழாயத் தொடாத, நான் புடிச்சு ஊத்தறேன்" என்றாள் ஒருத்தி. கைக்குழந்தையைக் கடலுக்குக் கொடுத்து அவளுக்கு மூணு நாள்தான் ஆகியிருந்தது. அழுதழுது வீங்கின முகம். அந்த முகத்தோடு தூக்கித் தூக்கி ஊற்றினாள்.

இருபது வருசமாக அந்தக் கோவத்தையும் முழுசாகக் கோவப்பட முடியவில்லை, இரக்கத்தையும் முழுசாகப் பட முடியவில்லை. மீனவர் என்ற சொல்லைக் கேட்டாலே அந்தத் தண்ணிச் சத்தம். மினமாட்டாவிலோ குச்சிக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் மீனவர்கள். எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் போனது என்று எழுதினால் அது பொய். தெரிந்தது. ஆனால் உள்ளே எதுவோ முரண்டு பண்ணியது. அதை மறைக்காமல் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திக்கித் திக்கி மொழிபெயர்த்தாள்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். தங்கள் குப்பத்தில் முதல் வீட்டுக்கு நோய் வந்தபோது, அந்த வீட்டைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுங்கடா என்று தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே தன் பாட்டிதானாம். நோய் என்று வெளியே சொன்னால் மீன் விலை போகாது என்று சங்கத்துக்காரர்களே வாயை அடைத்தார்களாம். ரெண்டு வருசம் கழித்து அதே பாட்டிக்குக் கை நடுக்கம் வந்தது. "முதல்ல ஓடினவங்க நாங்கதான்." இதைச் சாக்குப்போக்கில்லாமல் சொன்னார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பொம்பளை இப்ப எங்க இருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கணும் என்று ஒருநாளும் தோணினதில்லை.

மத்தியானம் சோஷிஷா என்கிற மையத்துக்குப் போனோம். 1974ல் நோயாளிகளும் ஆதரவாளர்களும் தொடங்கியது. காளான் வளர்த்த கொட்டகையை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். பூனைச் சோதனை நடந்த கூண்டு வீடு அங்கே நிற்கிறது. 1959 டிசம்பரில் கம்பெனி போட்ட 'ஆறுதல் தொகை' ஒப்பந்தத்தைப் பற்றி அங்கேதான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். செத்தவருக்கு 3,00,000 யென். பிற்பாடு கம்பெனிதான் காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டோம் என்று அதில் ஒரு வரி. அதற்குக் கிட்டத்தட்ட மூணு மாதம் முன்னாடிதான் பூனை சுழன்றது! அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1973ல்தான் நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் சான்றிதழ் கதை. நோயாளி என்று அரசு ஒத்துக்கொள்ள வேண்டும். 1977ல் விதியை இறுக்கினார்கள்: ஒரு அறிகுறி மட்டும் போதாது, பல அறிகுறி சேர்ந்திருக்கணும். விரல் மரத்துப்போனவர், விரல் மரத்துப்போனதை நிரூபிக்கணும். இத்தனை வருசத்தில் சான்று பெற்றவர்கள் 2,300க்கும் குறைவு. விண்ணப்பித்தவர்கள் பல்லாயிரம். தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் சாதிச் சான்றிதழுக்கு எங்க அப்பா உட்கார்ந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். பணம் கொடுக்கத்தான் சான்று கேட்பார்கள், ஒதுக்குவதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. 2004ல் உச்ச நீதிமன்றம் அரசுக்கும் பொறுப்புண்டு என்றது, 2023ல் ஒசாகா நீதிமன்றம் வழக்காடிய 128 பேரும் நோயாளிகளே என்றது. அதற்கு அடுத்த வருசம், 2024 மே 1, நினைவு நாளில் சுற்றுச்சூழல் அமைச்சரைச் சந்தித்துப் பேச ஒவ்வொரு குழுவுக்கும் மூணு நிமிசம். நேரம் தாண்டினதும் அதிகாரிகள் மைக்கை நிறுத்தினார்கள். செத்துப்போன மனைவியைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் கொதித்துப்போய், ஒரு வாரத்தில் அமைச்சர் திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டார்.

பெரியவரிடம் நான் சண்டை பிடித்த விசயம் ஒன்று உண்டு. 'நோசரி' என்று ஒரு சொல் அந்தக் குப்பங்களில். கேட்காமல் வந்து சேர்வது, கடல் கொடுப்பது. பெரிய பாடு விழுந்தாலும் நோசரி. நோயும் நோசரி என்று மோடோவின் சுகிமோட்டோ எய்கோ என்கிற மீனவப் பெண், தானும் நோயாளி, மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். 2008ல் இறந்துபோனார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. விதி, கர்மா என்று சொல்லித்தானே எங்களை மூவாயிரம் வருசம் மலம் அள்ள வைத்தார்கள்! கேட்டேவிட்டேன். பெரியவர் சிரித்தார். "நாங்க சொல்லலாம். கம்பெனிக்காரன் சொல்லக்கூடாது. எய்கோ சொன்னாங்க, சொல்லிக்கிட்டே கோர்ட்டுக்கும் போனாங்க." எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை. இன்னும் ஆகவில்லை.

சாயங்காலம் குடா இருந்த இடத்துக்குப் போனோம். பாதரசச் சேற்றை வாரிக் கொட்டி, 1990ல் வேலையை முடித்து, 58 ஹெக்டேர் நிலமாக்கிவிட்டார்கள். மேலே ரோஜாத் தோட்டம், விளையாட்டுத் திடல். கரையோரமாக நோயாளிகளும் கூட நின்றவர்களும் செதுக்கிய சின்னக் கல் உருவங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் மடியில் யாரோ மீன் மாதிரி ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தார்கள்.

திரும்புகிற வழியில் ரோட்டோரம் மரப்பலகையில் அமநட்சு பைகள். சாத்துக்குடியைவிடப் பெரிசு. மீன் பிடிக்க முடியாமல் போன குடும்பங்கள் மலைச்சரிவில் நட்ட மரங்கள், மருந்தை ஆனமட்டும் குறைத்து வளர்க்கிறார்கள், மருந்தின் கதை அவர்களுக்குத் தெரியுமே. கடையில் ஆள் இல்லை. ஒரு தகர டப்பா, மூடியில் துளை. விலையை எழுதி ஒட்டியிருந்தது. காசைத் துளையில் போட்டேன், உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. பையில் அஞ்சு பழம். பெரியவருக்கு ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்று கொடுத்தேன். ரெண்டு பேரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். தோல் தடிமன், நகத்தால் கீறமுடியவில்லை. பெரியவர் இடுப்புக் கத்தியை எடுத்துக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், அந்தத் தண்ணித் தொட்டிக்காரி யாருன்னு ஞாபகம் இருக்கா என்று. "வடக்குத் தெரு புது காலனியில இருக்கா. கருவாடு விக்க வருவா. எதுக்கு?" என்றது அம்மா.