ஒரு ஏவறைக்காக

அக்காவின் மகனுக்கு அப்போது 5 கிழமை. பின்னேரமானால் கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்க வீரிட்டுக் கத்துவான். "என்ர பாலிலதான் ஏதோ பிழை" என்று அக்காவும் சேர்ந்து அழுவா. அம்மம்மா ஓமத்தண்ணி காய்ச்ச எழும்புவா. "6 மாசம் மட்டும் தாய்ப்பால் மட்டும்தான்" என்று மிட்வைஃப் மிஸ் சொன்னதை நாங்கள் சொல்ல, வீடே ரெண்டுபடும்.

ஒருநாள் அம்மம்மா ஓமப் போத்தலை மூடி வைத்துவிட்டு, பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகைத் தடவினா. நாங்களும் முறை வைத்துத் தோளில் போட்டுத் தட்டினோம். சைக்கிள் ஓடுவதுபோல காலை மெல்ல அசைத்தோம். நடுச்சாமத்தில் பெரிய ஏவறை ஒன்று. "பாலில ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை, நீ படு" என்றா அம்மம்மா.

பிறகும் பல இரவுகள் அழுதான். 3 மாதம் கடந்துதான் அடங்கினான். ஆனால் அக்கா தன்னைக் குற்றம் சொல்வதை அன்றோடு விட்டா.