வாடை வரும் பக்கம்

முதல் வருஷம் நான் செய்த தப்பு, செத்த மாட்டுக்கு நேர் கிழக்கே போய் உட்கார்ந்தது. ஆடி மாசம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சாரலைத் தூவுகிற அதே காற்று, மேக்கரைப் பக்கம் தலைத்துண்டைப் பிடுங்கும். என் வாடை மாட்டுப் பக்கம் போகாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் பிணவாடையும் கிழக்கேதான் போகிறது. அதை மோந்து வருகிற நரியும் கிழக்கேயிருந்துதானே வரும்? என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஈரமணலில் தடம் பார்த்துத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தெற்கே ஒதுங்கி, பொத்தைப் பாறையில் ஏறி உட்காருகிறேன். காட்டுக்குள் போவதில்லை, அடிவாரத்து ஓடைக்கரையே போதும். கேமராவையும் விட்டுவிட்டேன். ஒரு பழைய பைனாகுலர், அவித்த கடலை, தண்ணீர்.

பந்திக்கு முந்துவது காக்கை. ஆனால் அதனால் மாட்டுத்தோலைக் கிழிக்க முடியாது. கண், நாக்கு, வால் அடி என்று திறந்திருக்கிற வாசல்களைத்தான் தேடும். பருந்து தாழப் பறந்து காக்கை இழுத்த துணுக்கைப் பறிக்கும். தோல் அதற்கும் கிழியாது. முதல் நாள் முழுக்க வாசலிலேயே கூட்டம். ஊர்நாய்கள் வந்து தொடைச்சந்தைத் திறந்த பிறகுதான் மற்றவற்றுக்குச் சாப்பாடு. ஒரு தடவை உடும்பு ஒன்று அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு, முன்கால்களை விலாவில் ஊன்றிப் பின்னால் இழுத்தது. வெளியே வந்தபோது கழுத்துவரை பளபளவென்றிருந்தது. பாறையில் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனது. இருபது நிமிஷம் அதை மட்டுமே பார்த்தேன்.

ஆப்பிரிக்கப் படங்களில் சிங்கம் பாய்ந்ததும் முக்கால்வாசிக் கதை முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடப்பதுதான் பிடிக்கும். இங்கோரோங்கோரோவில் ராத்திரியெல்லாம் கழுதைப்புலிகளின் பின்னால் அலைந்த ஹான்ஸ் க்ரூக், 1972-ல் வந்த புத்தகத்தில் கதையையே திருப்பிப் போட்டார். அங்கே இருட்டில் வேட்டையாடுவது பல சமயம் கழுதைப்புலி. அது கொன்றதைப் பறித்துத் தின்பது சிங்கம். விடிந்து வந்து பார்ப்பவன் திருடனை ராஜா என்று எழுதிவிட்டுப் போவான். நம் பக்கத்து ஆள், நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். செந்நாய்க் கூட்டத்தில் குட்டிகளுக்கே முதல் பந்தி. முண்டந்துறையில் ஒரே ஒரு முறை, மிளாவைத் தின்கிற செந்நாய்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அடிதடி இல்லை. யார் வேகமாக விழுங்குகிறார்கள் என்பதுதான் அங்கே போட்டி.

எங்கள் ஓடைக்கரைப் பந்திக்கு வராத விருந்தாளி பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்பது 2004-ல் வெளியானது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-ல் இந்தியா தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டன. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். இருந்தாலும் ஒவ்வொரு மாட்டுக்கும் அதன் சொந்தக்காரரிடம் கேட்டுவிடுவேன்.

"சாகுறதுக்கு முன்னால ஊசி போட்டியளா அண்ணாச்சி?"

"போட்டோம். செத்த மாட்டுக்கு என்னத்துக்கு வைத்தியம் கேக்கிய?"

ஊசியின் பேர் அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் சீட்டைத் தேடினார், பீடிக்கட்டுதான் வந்தது. கழுகு விஷயத்தைச் சொன்னேன். பொத்தையை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க அய்யா சொல்லுவாவ. அந்தப் பாறை மேல வரிசையா உக்காந்து கெடக்குமாம்."

நான் ஏறி உட்காருகிற அதே பாறை.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து, நாய்கள் ஊருக்குத் திரும்பியபின், கிழக்கேயிருந்து நரி வந்தது. காற்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அரைமணி நேரம் நின்று தின்றது. நாலு வாய்க்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பொத்தையைப் பார்த்துக்கொண்டது.