புரட்டாசிக் கணக்கு

15.9.2024, ஞாயிறு

நாளையோடு ஆவணி முடிகிறது, அதனால் நெருக்கடி. இன்று மானாம்பதி பக்கம் ஒரு காது குத்துக்கு மைக் செட். நாலு பாக்ஸ், இரண்டு குழாய், ஜெனரேட்டர். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்ததும் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துத் தாய், மகள் பாட்டைப் போட்டேன். அந்த நேரத்துக்கு அதுதான் வழக்கம். பிள்ளை அழுமுன் பாட்டிகள் அழுதுவிடுவார்கள்.

திரும்பும்போது வண்டியில் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, அந்தப் பாட்டை எழுதினவர் மேல புகார் சொன்னவங்கதானே அதைப் பாடினாங்க?"

ஆமாம். 2002இல் சின்மயி சினிமாவுக்குப் பாடிய முதல் பாட்டு அது. 2018 அக்டோபரில் அவர் பாட்டை எழுதிய வைரமுத்து மீது பாலியல் புகார் சொன்னார். வைரமுத்து மறுத்தார், சட்டப்படி சந்திக்கத் தயார் என்றார். தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை. அடுத்த மாதமே டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் சின்மயி. சந்தா பாக்கியாம்.

16.9.2024, திங்கள்

"வைரமுத்து பாட்டை இனிமே போடாதப்பா" என்கிறாள் மகள். போடாவிட்டால் யார் பாட்டு நிற்கும்? மெட்டு ரகுமானுடையது, குரல் அந்தப் பெண்ணுடையது. புகார் சொன்னவரின் முதல் பாட்டையே நான் அணைத்துவிட்டு, அவர் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளலாமா? சினிமாப் பாட்டு கூட்டுப் பட்டா நிலம் மாதிரி. ஒருத்தர் பங்கை மட்டும் வேலி போட்டு ஒதுக்க முடியாது. பென் டிரைவில் 'முதல் மரியாதை', 'ரோஜா', 'கருத்தம்மா' எல்லாம் இருக்கிறது. மூன்றும் வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தவை. எடுத்துவிட்டால் பாதிக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம்தான் மிச்சம். (காதுக்கு அதுவும் நல்லதுதான்.)

"ராயல்டி போகுமே" என்றாள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு என்பது சரி. ஆனால் கல்யாண வீட்டில் போடும் பாட்டுக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. என் பாக்ஸிலிருந்து யாருக்கும் காலணா போவதில்லை.

20.9.2024, வெள்ளி

பேப்பரில் நடன இயக்குநர் ஜானி மாஸ்டர். நேற்று கோவாவில் கைது, போக்சோ வழக்கு. 'திருச்சிற்றம்பலம்' படத்துப் பாட்டுக்கு நடனம் அமைத்ததற்காகப் போன மாதம்தான் அவருக்கும் சதீஷ் கிருஷ்ணனுக்கும் சேர்த்து தேசிய விருது அறிவித்திருந்தார்கள். புகார் கொடுத்த பெண் அவரிடம் வேலை பார்த்தவர். எனக்கு உறைத்தது அந்த இடம்தான். வேலை கொடுப்பதும் பறிப்பதும் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி வாய் திறக்க ஒரு பெண்ணுக்கு எத்தனை வருஷம் பிடிக்கும்? பொன்னாடையும் பட்டமும் அந்தக் கைக்குத்தான் இன்னும் பலம் சேர்க்கின்றன.

21.9.2024, சனி

புரட்டாசி முதல் சனி. கல்யாணம் கிடையாது, பெருமாள்தான் படியளக்கிறார். எங்கள் ஊர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் ஒரே கூட்டம். டீக்கடையில் பெரியவர் ஒருவர் அந்தக் காலத்து நடிகர் பாகவதரை இழுத்தார். 1944 தீபாவளிக்கு அவர் நடித்த 'ஹரிதாஸ்' வந்தது. அடுத்த சில வாரங்களில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைது, பிறகு ஆயுள் தண்டனை. 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். 'ராஜமுக்தி' எடுத்தார், ஓடவில்லை. "கோர்ட்டு விட்டுச்சு, ஜனங்க விடலயேப்பா" என்றார் பெரியவர்.

இதற்கு மகளிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. புகார் வந்த அன்றே பாட்டைக் கொளுத்துகிறவர்கள் பாகவதரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

2.10.2024, புதன்

காந்தி ஜெயந்தி. பக்கத்து கிராமத்தில் கிராம சபைக்கு மைக் கட்டினேன். வரவு செலவு வாசித்தார்கள். பாதிப் பேர் நிழல் பார்த்து நகர்ந்துவிட்டார்கள்.

வரும் வழியில் எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்தேன். அங்கே பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919, 921ஆம் வருஷத்தவை. வெளியூர்க்காரர்கள் 'உலகின் முதல் தேர்தல்' என்று படம் எடுத்துப் போகிறார்கள். எனக்குப் பிடித்தது யாருக்குத் தகுதி இல்லை என்று சொல்லும் பகுதி. வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவன் உறவுக்காரர்கள் பெயரையும் போடக் கூடாது. உறவைச் சேர்த்தது அநியாயம் என்பேன். ஆனால் அவன் வெட்டிய ஏரியில் தண்ணீர் எடுக்காதே என்று அதில் இல்லை. பதவிக்கு வராதே என்பதோடு சரி.

2018இல் சென்னை மியூசிக் அகாடமி ஏறக்குறைய இதைத்தான் செய்தது. பாலியல் புகாருக்கு ஆளான ஏழு கலைஞர்களுக்கு அந்த மார்கழியில் மேடை இல்லை என்றது. வீட்டில் அவர்கள் பதிவைக் கேட்கிறவரை யாரும் தடுக்கவில்லை. 2021இல் கேரளத்தில் ஓ.என்.வி. விருதை வைரமுத்துவுக்கு அறிவித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மறுபரிசீலனை செய்வதாகக் குழு சொன்னதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார். பாட்டுகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

6.10.2024, ஞாயிறு

ஜானி மாஸ்டர் விருதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறதாம். சதீஷ் கிருஷ்ணனுக்கு உண்டு. சரியாகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

பென் டிரைவில் 'கவிப்பேரரசு ஹிட்ஸ்' என்று நான் வைத்திருந்த ஃபோல்டரை மகள் கலைத்து, படப் பெயர்வாரியாக அடுக்கினாள். நானும் சரி என்றேன். வைரமுத்துவின் பட்டத்தைத் தினமும் நான் ஏன் சுமக்க வேண்டும்?

அவளுக்கு இன்னும் சமாதானமில்லை. "பந்தல்ல நூறு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்திக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா, அந்தப் பாட்டு அவ காதுல எப்படிப்பா விழும்?"

யாராவது நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்துகிறேன் என்றேன். அதை அட்டையில் எழுதி ஆம்ப்ளிஃபையர் மேல் ஒட்டச் சொன்னாள். ஒட்டியாயிற்று. செட் ஏற்ற வரும் பையனிடமும் சொல்லிவிட்டேன்.