தேய்மானம் போக மீதி

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு சாமான் வாங்கினால், அதன் மதிப்பில் வருஷா வருஷம் கொஞ்சம் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் சைபர் வரும். வந்ததும் காயலான் கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். 3 வருஷம் காலேஜில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதன் சாரம் இவ்வளவுதான்.

அந்தக் கணக்குப்படி எங்கள் அம்பத்தூர் வீட்டுக் கொல்லையில் கோணி போர்த்திக் கிடந்த 1978 மாடல் புல்லட் எப்போதோ சைபரைத் தாண்டி மைனஸில் போய்க்கொண்டிருந்தது. 2004-ல் நின்ற வண்டி. சீட்டுக்கு அடியில் ஓர் எலிக் குடும்பம் பல தலைமுறைகளாக வாடகை தராமல் குடியிருந்தது. டாங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் பூமி!

அதை ஏன் தொட்டாய் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2 வருஷத்துக்கு முன்னால், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு, 'எழுதிப் பிழைக்கிறேன்' என்று வீட்டில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது சார். எல்லாம் அம்மா மூலமாக, அவ்வளவுதான்.

"உன் பிள்ளை சாப்பிட்டானா, கேளு."

நான் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன்.

"சாப்பிட்டேன்னு சொல்லும்மா."

"சாப்பிட்டானாம்" என்பாள் அம்மா, டெல்லியிலிருந்து டிரங்கால் வந்த மாதிரி.

இந்த நிலைமையில், கொல்லையில் ஒரு பாத்ரூம் கட்டலாம் என்று முடிவாகி, காயலான் கடைக்காரரும் வந்துவிட்டார். புல்லட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, எடைக்கு என்ன தருவேன் என்றார். அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். 4 மணிக்கு அம்மா காபி கொண்டு போனாள். "வேண்டாம்" என்றார்.

அப்பா காபியை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தாத்தா போன அன்றுகூட குடித்தார்.

"வண்டியைக் கொடுக்கலைங்க. நானே ரெடி பண்ணப் போறேன்" என்று காயலான் கடைக்காரரிடம் சொன்ன குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

உள்ளே இருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஃபேனுக்கு எண்ணெய் விடத் தெரியாதவன் புல்லட்டைப் பிரிக்கப் போறானாமா?"

புல்லட் நம்ம ஊர்ப் பிள்ளை. பிறந்தது இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் என்றாலும், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பிக்க, வளர்ந்ததெல்லாம் திருவொற்றியூரில். 1970-ல் இங்கிலாந்தில் தயாரிப்பே நின்று போயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் அகலச் சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நீள நடை, அதனால்தான் அந்த நிதானமான 'தட்... தட்...'. 346 சி.சி.

எங்கள் வண்டியில் பிஸ்டன் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலும் எண்ணெயும் ஊற்றினேன். தினமும் காலையில் எழுந்ததும் கிக்கரை அமுக்கிப் பார்ப்பேன். 10-ம் நாள் 'கிறீச்' என்று ஓர் அங்குலம் இறங்கியது பாருங்கள்... முதல் கதை அச்சில் வந்தபோதுகூட நான் அவ்வளவு துள்ளியதில்லை.

அப்புறம் இன்ஜினைப் பிரித்தேன். நட்டுகளையும் போல்ட்டுகளையும் தொலைக்காமல் இருக்க மனைவியின் டிபன் பாக்ஸ்களைக் கடன் வாங்கினேன் (சொல்லாமல்). ஒரு நாள் மதியம் ஆபீஸிலிருந்து போன். "இன்னிக்கு லஞ்ச் வால்வு ஸ்பிரிங்கா? தொட்டுக்க என்ன?"

லேத் பட்டறையில் சிலிண்டருக்குப் போர் அடித்துக் கொடுத்தார்கள். எனக்கு எந்த நாளும் போர் அடிக்கவில்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கிப் பழைய சாமான் தேடினேன். அங்கே ஒரு கடைக்காரர் நான் சொன்ன சாமானைக் காதில் வாங்காமல், "உங்க வண்டி சீரியல் என்ன?" என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு குவியலுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். அச்சாகப் பொருந்தியது!

டாங்க் துருவுக்கு வைத்தியம் சொன்னது அம்மா. "பித்தளைப் பானைக்குப் போடற மாதிரி புளியைக் கரைச்சு ஊத்தி ஊற வையேன்டா." சிரித்தேன். பிறகு ஊற்றினேன். கூடவே ஒரு பிடி சிறு ஜல்லியைப் போட்டு, 2 நாள் ஊறவைத்துக் குலுக்கிக் கொட்டினால், கொல்லை முழுக்க வற்றல்குழம்பு நிறத்தில் ஓடியது. நன்றாகக் கழுவி, காயவைத்து, திரும்பத் துரு ஏறாமல் எண்ணெய் கலந்த பெட்ரோலைச் சுழற்றி விட்டேன். உள்ளே பளபள!

டாங்கில் தங்கக் கோடு இழுப்பது பெரிய வித்தை. கம்பெனியிலேயே கையால்தான் இழுப்பார்கள். நான் இழுத்தது ஈ.சி.ஜி. மாதிரி வந்தது. அம்மா பிரஷ்ஷைப் பிடுங்கினாள். 50 வருஷம் கோலம் போட்ட கை. ஒரே மூச்சில் ஒரே கோடு.

"கம்பெனிக்காரன் தோத்தான்" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

அன்று ராத்திரி அம்மா ஒரு பழைய நீள நோட்டை என்னிடம் கொடுத்தாள். "இதுல வண்டிக் கணக்கு இருக்கு. நான் கொடுத்தேன்னு சொல்லாதே."

அப்பா அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். கையெழுத்தும் டைப் அடித்த மாதிரி இருக்கும். 1978-லிருந்து போட்ட ஒவ்வொரு லிட்டர் பெட்ரோல், மாற்றிய ஒவ்வொரு கேபிள், எல்லாம் தேதியோடு. பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும் என்பதற்கு, 'விசிட்டிங் கார்டு கனம்' என்று குறிப்பு. என் பழைய கம்பெனி கார்டு ஒரு கட்டு மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்துச் செருகிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்த உத்தியோகத்தின் மிகச் சிறந்த பயன் அதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கம் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றேன்.

'12.8.89. எழும்பூர் ஆஸ்பத்திரி போக வர. பெட்ரோல் 3 லிட்டர். பையன்.'

அவ்வளவுதான். அடுத்த வரி செயின் டைட் செய்தது.

நான் பிறந்ததை அப்பா செலவுக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார். கணக்குப் படித்தவன் சிரிக்க வேண்டும். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை வாசலில் நிறுத்தினேன். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. உதைத்தேன். உதைத்தேன். 30 உதைக்கு மேல் எண்ணவில்லை. ஓர் உதைக்குக் கிக்கர் திருப்பி அடித்ததில் கெண்டைக்காலில் பொறி பறந்தது. எதிர்வீட்டுக்காரர் பிளக் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி என்றார். இஸ்திரிக்காரர் திருஷ்டி என்றார்.

"டேய்! மாடு மாதிரி உதைக்காதே! அம்மீட்டர் முள்ளைப் பாருடா!"

"அம்மீட்டர் முள்ளைப் பாக்கச் சொல்றார்டா" என்று பழக்க தோஷத்தில் என்னிடம் திரும்பிய அம்மா, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் படி இறங்கி வந்தார். 72 வயது, இரண்டு முழங்காலும் தகராறு. வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"சாவியைப் போடு. கிக்கரை மெதுவா அமுக்கு. முள் இடது பக்கம் சாயுதா? இன்னும் அமுக்கு. நடுவுக்கு வந்ததும் நிறுத்து. பிஸ்டன் உச்சிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். இப்ப டீகம்ப்ரஸரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு விரக்கடை தள்ளு. போதும். விடு. கிக்கர் மேல வரட்டும். இப்ப ஒரே உதை. கோபமா இல்லை, முழுசா."

முழுசாக உதைத்தேன்.

தட்... தட்... தட்...

21 வருஷ மௌனம் ஒரு புகைமண்டலத்தோடு கலைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பா கைதட்டவில்லை. குனிந்து காதைக் கொடுத்தார். "டாப்பட் சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதே தெருவில் ஒரு ரவுண்டு போகலாமென்று கிளம்பினேன். "வலது கால் கியர், இடது கால் பிரேக். ஞாபகம் வெச்சுக்கோ" என்று கத்தினார். தலையாட்டினேன். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்ததும் வலது காலை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை, இரண்டாவது கியருக்குப் போனது! நாய் பிழைத்தது. குப்பைத்தொட்டி பிழைக்கவில்லை.

அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பித்தாயிற்று. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டினால்தான் 'விண்டேஜ்' பட்டம். இவனுக்கு அதற்கு இன்னும் வயசு ஆகவில்லை. வாலிபன்!

ஆர்.சி. வந்த மறுநாள் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "எழும்பூர் வரைக்கும் போயிட்டு வரலாமா?" ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வண்டியைச் சாய்த்துப் பிடிக்க, என் தோளை அழுத்திக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

ராத்திரி எல்லோரும் தூங்கினதும் அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். 2004-க்குக் கீழே, கொஞ்சம் நடுங்கின டைப் எழுத்தில் ஒரு புது வரி:

'எழும்பூர் போக வர. பெட்ரோல் 3 லிட்டர். ஓட்டியது பையன்.'

இதனால் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வேலை விஷயம் இன்னும் அம்மா மூலமாகத்தான் வருகிறது. புல்லட் விஷயம் மட்டும்தான் நேரில். ஆகவே, வண்டியில் எப்போதும் ஏதாவது ஒரு ரிப்பேர் பாக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். புல்லட் ஆயிற்றே... நான் பார்த்துக்கொள்ளாவிட்டாலும் அதுவே பார்த்துக்கொள்கிறது.