வயரின் இரண்டு நுனிகள்



போன தவணைப் பரீட்சைப் புள்ளிகளை ஒன்லைனில் ஏற்ற வேண்டிய கடைசி நாள். காலை எட்டரைக்கு எங்கள் பாடசாலையில் இன்டர்நெட் நின்றுவிட்டது. அதிபரின் கணினி, அலுவலகம், கணினி அறை எதுவுமே வேலை செய்யவில்லை. ரவுட்டரை மூன்று தரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். சுவிட்சைப் பார்த்தால் எல்லா லைட்டும் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது. ஒரே வயரின் இரண்டு நுனியும் ஒரே சுவிட்சில் சொருகியிருந்தது. தரம் 9 மாணவன் ஒருவனின் வேலை. "ஒரு பக்கம் கழண்டு கிடந்திச்சு சேர், அதான் கொழுவினேன்" என்றான். வகுப்புக்கு முன்னால் வைத்து ஏசிவிட்டேன். "இனி யாரும் வயரில் கை வைக்கக் கூடாது" என்று சட்டமும் போட்டேன்.

அன்றிரவு இதைப் பற்றி வாசித்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது.

சுவிட்சுகளுக்கிடையே ஓடும் ஈதர்நெட் பொதிக்கு ஆயுள் எண் கிடையாது. "எல்லோருக்கும்" என்று அனுப்பப்பட்ட ஒரு பொதி வட்டப் பாதையில் மாட்டினால் நிற்காமல் சுற்றும். சுற்றச் சுற்றப் பெருகும். கடைசியில் வேறு எதற்கும் இடமிருக்காது.

1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை செய்த ராடியா பேர்ள்மன் என்ற பெண்மணி இதற்கு ஒரு வழி கண்டார். பெயர் ஸ்பானிங் ட்ரீ. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, ஒன்றைத் தலைமையாக்கி, வட்டம் உண்டாக்கும் மேலதிகப் பாதைகளை மூடிவிடும். ஒரு பாதை அறுந்தால் மூடியதைத் திறக்கும். பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 செக்கன் எடுக்கும். எங்கள் மலிவுச் சுவிட்சில் அந்த வசதிகூட இல்லை.

ஒரு பாடசாலைக்கு அது போதும். ஆயிரக்கணக்கான கணினிகள் உள்ள தரவு மையத்தில், காசு கொடுத்து இழுத்த வயர்களைச் சும்மா மூடி வைத்திருக்க முடியாது. அதனால் இப்போது கீழ்த்தட்டுச் சுவிட்ச் ஒவ்வொன்றையும் மேல்தட்டுச் சுவிட்சுகள் எல்லாவற்றோடும் இணைத்து, எல்லாப் பாதைகளையும் ஒரே நேரத்தில் பாவிக்கிறார்கள். சுற்றாதா? அங்கே ஓடுவது ஐபி பொதி. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அதன் ஆயுள் எண் ஒன்று குறையும், சைபரானால் வீசப்படும். பாதைகளைச் சொல்லிக் கொடுக்கும் பீஜீபி முறையில், வந்த வழியின் பட்டியலும் கூடவே வரும். அதில் தன் இலக்கம் இருந்தால் அந்தப் பாதையைச் சுவிட்ச் ஏற்காது. பழைய ஈதர்நெட் பொதி தேவைப்படும் இடங்களில் விஎக்ஸ்லான் என்ற முறை அதை ஐபி பொதிக்குள் சுற்றி அனுப்பும். 2014இல் அமெரிக்காவின் அல்டூனாவில் பேஸ்புக் திறந்த தரவு மையமும் பீஜீபியை வைத்துத்தான் இப்படிக் கட்டப்பட்டது.

பேர்ள்மனே பின்னாளில் தன் முறைக்கு மாற்றாக ட்ரில் என்ற ஒன்றை முன்வைத்தார். 2011இல் அதற்கு நியமம் வந்தது. அதிலும் பொதிக்கு ஆயுள் எண் உண்டு.

அப்போதுதான் என் சட்டம் ஞாபகம் வந்தது. பிழை வரும் என்று பயந்து பிள்ளைகளின் பாதையையே மூடியிருந்தேன். அந்த மாணவன் இரண்டு கிழமையாகக் கீபோர்டைத் தொடவில்லை. கேட்டால், "பழுதாப் போயிரும் சேர்" என்கிறான்.

போன செவ்வாய் ஒரு பழைய சுவிட்சைப் பாடசாலை இணைப்போடு சேர்க்காமல், இரண்டு கணினியை மட்டும் கொழுவி மேசையில் வைத்தேன். வயரை அவன் கையில் கொடுத்து, "மகன், அண்டைக்குச் செய்த மாதிரியே செய்" என்றேன். சொருகினான், லைட்டுகள் படபடத்தன. கழற்றினான், அடங்கின. ஏன் என்று வகுப்புக்கு விளக்கிவிட்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏசியது எல்லோருக்கும் முன்னால் என்றால் மன்னிப்பும் அப்படித்தானே.

இப்போது கணினி அறை வயர்களுக்கு அவன்தான் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டியிருக்கிறான்.

உங்கள் பாடசாலையிலோ கடையிலோ எல்லா லைட்டும் ஒன்றாகப் படபடத்தால், யாரையும் ஏச முதல் வயரின் இரண்டு நுனியையும் தேடிப் பாருங்கள்.